திரை ஓயும் நேரம்

கோலா சிலாங்கூருக்கு அருகிலுள்ள கம்போங் குவாந்தானுக்குச் சுற்றுப்பயணிகள் இருட்டிய பிறகுதான் வருகிறார்கள். சிலாங்கூர் ஆற்றின் கரையோரம் வளர்ந்திருக்கும் பெரெம்பாங் மரங்களில் மின்மினிப் பூச்சிகள் கூட்டம் கூட்டமாகத் தங்கியிருக்கின்றன. அவற்றுள் ஆண் பூச்சிகள் ஒரே தாளத்தில் ஒளியை ஏற்றி அணைப்பதால், ஒரு மரம் முழுவதும் ஒன்றாக மின்னி ஒன்றாக இருளும். படகோட்டி துடுப்பை மெல்ல வலித்து, படகை மரத்தடிக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்.

அந்தப் படகில் பார்வையற்ற ஓர் அண்ணனும் அவருடைய தங்கையும் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மரத்தில் என்ன நடக்கிறது என்பதை அண்ணனுக்குத் தங்கைதான் சொல்லியாக வேண்டும். “இப்போது எரிகிறது, இப்போது அணைந்துவிட்டது, இப்போது எரிகிறது” என்று ஒவ்வொரு மின்னலுக்கும் சொல்லிக்கொண்டிருந்தால், சிறிது நேரத்திலேயே அண்ணன், “போதும்மா” என்று கையமர்த்திவிடுவார். ஒன்றுமே சொல்லாமல் இருந்தாலோ, அவருக்குத் தண்ணீரின் சலசலப்பும் கொசுக்களின் ரீங்காரமும் மட்டுமே கிடைக்கும். தங்கை சற்று நேரம் பார்க்கிறாள். பிறகு, “அண்ணா, வலப்பக்கத்து மரம் முழுவதும் ஒரே நேரத்தில் மின்னுகிறது. அதற்கு அடுத்த மரம் இருட்டாகவே இருக்கிறது” என்கிறாள். அண்ணனுக்கு வேண்டியது அதுதான். எதைச் சொல்வது என்பது ஒரு கேள்வி. எப்போது வாயைத் திறப்பது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதுதான் கடினமானது.

கணினியில் தங்கையின் வேலையைச் செய்யும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். திரையில் உள்ள எழுத்துகளையும் பொத்தான்களையும் பட்டியல்களையும் அது செயற்கைக் குரலில் படித்துக் காட்டும். விரும்புவோருக்கு, விரலால் தடவிப் படிக்கக்கூடிய பிரெய்ல் புள்ளிகளாகவும் மாற்றித் தரும். இதன் துணையோடு பார்வையற்றோர் மின்னஞ்சல் எழுதுகிறார்கள், வங்கிக் கணக்கைக் கவனிக்கிறார்கள், நிரல் எழுதிச் சம்பாதிக்கிறார்கள். பழகியவர்கள் குரலின் வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்பார்கள். அருகில் நிற்பவருக்கு அதில் ஒரு சொல்கூடப் பிடிபடாது.

திரையில் ஒரு செய்தி அசையாமல் இருக்கும்வரை திரைவாசிப்பானுக்குச் சிக்கலில்லை. மேலிருந்து கீழாகப் படித்துவிடலாம். ஆனால், இன்றைய திரை அப்படி நிற்பதில்லை. ஒரு மாணவி பல்கலைக்கழக நுழைவுக்கான விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, ‘அனுப்பு’ என்னும் பொத்தானை அழுத்துகிறாள் என்று கொள்வோம். திரையின் நடுவில் ஒரு சிறு வளையம் சுழலத் தொடங்குகிறது. சில நொடிகளுக்குப் பிறகு வளையம் மறைகிறது. பச்சை நிறத்தில் ஒரு வரி தோன்றுகிறது. பார்வையுள்ள மாணவி இவற்றையெல்லாம் கவனித்ததாகக்கூட நினைக்கமாட்டாள். வளையம் சுழலும்போது காத்திருக்க வேண்டும், நின்றதும் படிக்க வேண்டும் என்பதை அவள் கண்ணே அறிந்துகொள்கிறது.

பார்வையற்ற மாணவிக்கு அந்தச் சில நொடிகள் வெறும் மௌனம். பொத்தான் அழுந்தவில்லையோ? இணையத் தொடர்பு அறுந்துவிட்டதோ? வேலை நடந்துகொண்டிருக்கிறதோ? மூன்றுக்கும் ஒரே மௌனம்தான் கேட்கும். அவள் மறுபடியும் பொத்தானை அழுத்துகிறாள். விண்ணப்பம் இருமுறை போய்ச் சேருகிறது. அது கட்டணம் செலுத்தும் பக்கமாக இருந்தால், பணமும் இருமுறை போய்விடலாம்.

இதைவிடக் கெடுதலான ஒன்றும் உண்டு. திரை பாதி மாறியிருக்கும்போதே திரைவாசிப்பான் படிக்கத் தொடங்கிவிட்டால், பழைய செய்தியும் புதிய செய்தியும் கலந்து வரும். பணம் செலுத்திய பிறகு கணக்கில் எவ்வளவு மீதம் என்று கேட்பவருக்கு, செலுத்துவதற்கு முன்பிருந்த தொகையே சொல்லப்படலாம். அரைகுறையான திரையைக் கண்ணால் பார்ப்பவருக்கு அது அரைகுறை என்று தெரியும். கேட்பவருக்குத் தெரியாது. முடிந்ததைப் படிக்கும்போது இருக்கும் அதே உறுதியோடுதான் அந்தக் குரல் முடியாததையும் படிக்கும்.

தொடக்ககாலக் கணினிகளில் இந்தச் சிக்கல் இவ்வளவு பெரிதாக இல்லை. 1980களில் பரவலாக இருந்த தனியாள் கணினியின் திரை, 25 வரிகளும் வரிக்கு 80 எழுத்துகளும் கொண்ட ஒரு கட்டம். மொத்தம் 2000 எழுத்துகள்தாம். அவை கணினியின் நினைவகத்தில் ஓரிடத்தில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அந்த இடத்தைத் திரைவாசிப்பான் நேராகவே எடுத்துப் படிக்கலாம். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் தாட்சர், பார்வையற்ற கணித அறிஞரான ஜெஸ்ஸி ரைட்டுடன் பணிபுரிந்தபோது உருவாக்கிய திரைவாசிப்பான் இவ்வகையைச் சேர்ந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் டெட் ஹென்டர் என்பவரும் இத்துறையில் இறங்கினார். அவர் மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்தவர். 1978-ஆம் ஆண்டு நேர்ந்த கார் விபத்தில் பார்வையை இழந்தார். பிறகு கணினி நிரலாக்கம் கற்று, பில் ஜாய்ஸ் என்பவருடன் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கினார். 1989-இல் அவர்கள் வெளியிட்ட ‘ஜாஸ்’ என்னும் திரைவாசிப்பான் பின்னாளில் உலகெங்கும் பரவியது.

ஜாஸ் மென்பொருளில் ஒரு வசதி இருந்தது. அதைப் பயன்படுத்துபவரே சிறுசிறு நிரல்களை எழுதி அதனோடு சேர்த்துக்கொள்ளலாம். இவற்றைக் குறுநிரல்கள் எனலாம். ஓர் அலுவலகத்தில் அந்த அலுவலகத்திற்கென்றே செய்யப்பட்ட மென்பொருள் இருக்கும். அதைத் திரைவாசிப்பானை உருவாக்கியவர் கண்டிருக்கமாட்டார். அந்தத் திரையில் எது முக்கியம், எதைப் படிக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று குறுநிரல் எழுதுபவர் சொல்லிக்கொடுப்பார். ஒரு நல்ல குறுநிரலால் ஒருவரின் வேலை நிலைத்தது என்றால் அது மிகையில்லை. தொலைபேசியில் வாடிக்கையாளர் காத்திருக்க, அவருடைய விவரம் திரையில் வந்த அடுத்த கணமே காதில் விழுந்தால்தான் அந்த வேலையைச் செய்ய முடியும்.

அடுத்த கணம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? புதிதாகக் குறுநிரல் எழுதுபவர் எல்லாரும் முதலில் பிடிக்கும் வழி ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தியபின் இரண்டு நொடி காத்திரு, பிறகு படி. எழுதியவரின் கணினியில் இது ஒழுங்காக வேலை செய்யும். அதனால் அவரும் மகிழ்ச்சியோடு மற்றவர்களுக்குக் கொடுப்பார். ஆனால், பழைய கணினியில் திரை மாற நான்கு நொடி ஆகலாம். அங்கே பாதித் திரைதான் படிக்கப்படும். புதிய கணினியில் கால் நொடியில் எல்லாம் முடிந்துவிடும். அங்கே ஒவ்வொரு முறையும் ஒன்றேமுக்கால் நொடி வீணாகும். நாளொன்றுக்கு ஐந்நூறு முறை அந்தப் பொத்தானை அழுத்துபவருக்குக் கால் மணி நேரம் மௌனத்திலேயே கழிந்துவிடும். காலத்தை எண்ணுவது திரையைக் கவனிப்பதாகாது.

வட சிலாங்கூர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய மூத்தோர்க்கு இதைவிடச் சிறந்த வழி தெரியும். இன்று அந்த வட்டாரத்தில் செம்பனையே மிகுதி. முன்பு ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் மரத்தை வெட்டிவிட்டு வந்தவர்கள், பால் எடுக்க எப்போது திரும்புவது என்று கணக்கிட வேண்டியிருந்தது. முன்கூட்டியே போனால் பால் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும். எடுத்தபின் விழுவது கோப்பையிலேயே உறைந்து கட்டிப்பாலாகும், அதற்கு விலை குறைவு. மிகத் தாமதமாகப் போனால் வெயிலில் எல்லாமே உறையத் தொடங்கும், அல்லது மழை வந்து பாலைக் கெடுக்கும். எல்லா மரங்களும் ஒரே அளவு நேரம் சொட்டுவதும் இல்லை. ஆகவே, பார்க்க வேண்டியது கடிகாரத்தை அன்று, சொட்டை. ஒரு சொட்டு விழுந்து, அடுத்தது விழவே காணோம் என்றால் பால் நின்றுவிட்டது.

நல்ல குறுநிரலும் இதையேதான் செய்கிறது. திரையில் ஒரு மாற்றம் நிகழ்ந்தால் இயங்குதளம் அதைத் திரைவாசிப்பானுக்கு அறிவிக்கும். அறிவிப்பு வந்ததும் குறுநிரல் படிக்கத் தொடங்குவதில்லை. அரை நொடியை எண்ணத் தொடங்குகிறது. அந்த அரை நொடிக்குள் இன்னொரு மாற்றம் வந்தால், எண்ணியதை மறந்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து எண்ணுகிறது. மாற்றமே இல்லாமல் முழு அரை நொடி கழிந்தால், திரை ஓய்ந்துவிட்டது என்று கொண்டு படிக்கிறது. வேகமான கணினியில் இது விரைவாகப் பேசும். மெதுவான கணினியில் பொறுமையாக இருக்கும். எந்தக் கணினி என்று குறுநிரலுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

இதிலும் இரண்டு பள்ளங்கள் உள்ளன. சில திரைகள் ஓய்வதே இல்லை. ஒரு மூலையில் கடிகாரம் ஓடும், இன்னொரு பக்கம் விளம்பரம் மாறிக்கொண்டே இருக்கும். முழுத் திரையையும் கவனித்துக்கொண்டிருக்கும் குறுநிரல் அங்கே என்றைக்கும் வாயைத் திறக்காது. ஆகவே, விடை தோன்றக்கூடிய பகுதியை மட்டும் கவனிக்கும்படி எழுத வேண்டும். அதோடு ஒரு மேல்வரம்பும் வைக்க வேண்டும். பத்து நொடி ஆகியும் ஓயவில்லையென்றால், “இன்னும் முடியவில்லை” என்றாவது குறுநிரல் சொல்ல வேண்டும். மௌனத்தைவிட அந்தச் சொற்கள் எவ்வளவோ மேல்.

மற்றொரு பள்ளம் பொய்யான அமைதி. முதலில் தலைப்பு வந்துவிடும். அதன்பின் தொலைவிலுள்ள கணினியிலிருந்து விவரம் வர மூன்று நொடி ஆகும். அந்த மூன்று நொடியும் திரை அசையாமல் இருக்கும். குறுநிரல் ஏமாந்துபோய் வெறும் தலைப்பைப் படித்துவிட்டு, வேலை முடிந்ததென்று நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் யாருக்கும் அந்த அமைதிக்கும் உண்மையான முடிவுக்கும் வேறுபாடு தெரியாது. வேலையைச் செய்துகொண்டிருப்பவருக்குத்தான் தெரியும்.

அப்படியானால் அவரையே கேட்டால் என்ன? இந்தக் கேள்வியை எல்லாரையும்விட அழுத்தமாகக் கேட்டவர் டி. வி. இராமன். 1965-இல் இந்தியாவின் பூனே நகரில் பிறந்த இவர், கண்ணழுத்த நோயால் 14 வயதில் பார்வையை இழந்தார். புனே பல்கலைக்கழகத்தில் கணிதமும் பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கணினி அறிவியலும் பயின்றார். பிறகு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994-இல் முனைவர் பட்டம் பெற்றார். கணிதச் சமன்பாடுகளைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி பேசும் மென்பொருளே அவருடைய ஆய்வு. ஓர் எண்ணின் அடுக்கு வந்தால் குரல் சற்று மேலேறும். தாளில் அடுக்கை மேலே தூக்கி எழுதுவதற்கு ஈடான ஏற்பாடு அது.

அந்த ஆய்வுக்குப் பின் இராமன் தம் அன்றாடக் கணினி வேலைக்காக ‘ஈமேக்ஸ்பீக்’ என்னும் மென்பொருளை உருவாக்கி, 1995-இல் இலவசமாக வெளியிட்டார். ஈமேக்ஸ் என்பது நிரலாளர்கள் பயன்படுத்தும் ஓர் எழுதுகருவி. அதில் ஒவ்வொரு செயலும் ஒரு தனிக் கட்டளை. அடுத்த வரிக்குப் போவது ஒரு கட்டளை, கோப்பைத் திறப்பது ஒரு கட்டளை. அந்தக் கட்டளைகளை மாற்றி எழுதாமலேயே, ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு துண்டுக் குறிப்பைக் கட்டிவிட ஈமேக்ஸ் இடம் கொடுக்கிறது. இராமன் அப்படியே செய்தார். அடுத்த வரிக்குப் போகும் கட்டளை தன் வேலையை முடித்ததும், வாலிலுள்ள குறிப்பு, ‘இப்போது இந்த வரியைப் பேசு’ என்று சொல்லும். திரையில் என்ன மாறியது என்று ஆராய வேண்டியதே இல்லை. வேலையைச் செய்த கட்டளையே, முடித்துவிட்டேன் என்று சொல்கிறது. சில செயல்களுக்குப் பேச்சுகூட இல்லை. கோப்பு திறந்தால் ஓர் ஒலி, மூடினால் ஓர் ஒலி, வேலை முடிந்தால் ஓர் ஒலி. கதவு சாத்தும் ஓசையைக் கேட்டு யாரோ வெளியே போய்விட்டார் என்று வீட்டிலுள்ளோர் அறிவதைப் போன்றதே இது.

இவ்வழியில் பொய்யான அமைதிக்கு இடமே கிடையாது. ஆனால், உள்ளே நுழைந்து குறிப்புக் கட்டுவதற்கு அந்த மென்பொருள் இடம்கொடுக்க வேண்டும். பெரும்பாலான மென்பொருள்கள் கொடுப்பதில்லை. ஆகவே, சொட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் தேவை இன்றும் தீரவில்லை.

2005-ஆம் ஆண்டு வாக்கில் இணையம் வேறு வகையாக மாறியது. அதற்கு முன் ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய பக்கம் போய்ப் புதிய பக்கம் முழுமையாக வரும். பக்கம் வந்து சேர்ந்துவிட்டது என்று உலாவியே அறிவிக்கும். திரைவாசிப்பானும் முதல் வரியிலிருந்து படிக்கும். பிறகு வந்த முறையில் பக்கம் அப்படியே இருக்க, அதன் ஒரு பகுதி மட்டும் மாறத் தொடங்கியது. நிலப்படத்தை இழுத்தால் அது நகரும். அஞ்சல் பெட்டியில் புதிய கடிதம் தானாகவே வந்து அமரும். கண்ணுக்கு இது பெரிய வசதி. திரைவாசிப்பானுக்கோ, பக்கம் மாறவேயில்லை. மாறியது எந்த மூலையில் என்று அதற்குச் சொல்லுவார் யாருமில்லை.

அப்போது கூகுள் நிறுவனத்தில் பணியாற்றிய இராமன், சார்ல்ஸ் சென் என்னும் இளைஞருடன் சேர்ந்து, இணையப் பக்கங்களுக்குள் குறுநிரல்களைப் புகுத்தி அவற்றைப் பேசவைக்கும் முறையை 2007-இல் வெளியிட்டார். அதற்கு அடிப்படையாக அவர்கள் பயன்படுத்தியது ‘ஏரியா’ என்னும் வரையறை. உலகளாவிய வலைச் சேர்த்தியம் அதை 2014-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முறையான பரிந்துரையாக அறிவித்தது. பக்கத்தை உருவாக்குபவர் அதன் ஒவ்வொரு பகுதிக்கும் சில குறிப்புகளை எழுதிவைக்கலாம் என்பதே அதன் கருத்து.

ஒரு குறிப்பு, இந்தப் பகுதி மாறக்கூடியது என்று சொல்லும். மாறினால் எப்படி நடந்துகொள்வது என்பதையும் அதிலேயே எழுதலாம். ‘பணிவாக’ என்று எழுதியிருந்தால், திரைவாசிப்பான் தான் படித்துக்கொண்டிருக்கும் வரியை முடித்துவிட்டுப் புதிய செய்தியைச் சொல்லும். ‘உடனடியாக’ என்று எழுதியிருந்தால், பேச்சை நடுவில் வெட்டிவிட்டுச் சொல்லும். நேரம் முடியப்போகிறது, நிரப்பியவை அழிந்துவிடும் என்பது போன்ற எச்சரிக்கைக்கு இரண்டாவது பொருந்தும். சிலர் எல்லாவற்றுக்கும் இரண்டாவதையே போட்டுவிடுகிறார்கள். வகுப்பில் ஒவ்வொரு நிமிடமும் கதவைத் தட்டிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தால் பாடம் எப்படி நடக்குமோ, அப்படித்தான் இருக்கும் அந்தப் பக்கம்.

இன்னொரு குறிப்பு, ‘வேலை நடக்கிறது’ என்பது. திரையை மாற்றத் தொடங்கும்போது பக்கமே இதை உயர்த்திப் பிடிக்கும். மாற்றி முடித்ததும் இறக்கிவிடும். உயர்ந்திருக்கும்வரை திரைவாசிப்பான் காத்திருக்கலாம். பொய்யான அமைதி இங்கே ஏமாற்றாது. மூன்றாவது குறிப்பு, ‘முழுவதையும் படி’ என்பது. பூப்பந்து ஆட்டத்தின் புள்ளிகள் திரையில் 18–15 என்று இருந்து 19–15 என்று மாறுகின்றன. மாறியதை மட்டும் படித்தால் காதில் விழுவது “பத்தொன்பது” என்னும் ஒற்றைச் சொல். யாருக்குப் பத்தொன்பது? எதிராளி எத்தனை? இந்தக் குறிப்பு இருந்தால் இரண்டு எண்களும் சேர்ந்தே ஒலிக்கும்.

திரைவாசிப்பானின் விலையும் ஒரு தடையாகவே இருந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேமி டே ஆகிய இரு பார்வையற்ற இளைஞர்கள் இதை ஏற்க மறுத்தனர். கணினி வாங்கியவர், அதன் திரையைப் படிக்க மீண்டும் ஒரு பெருந்தொகை கொடுக்க வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. 2006-இல் கரன் தொடங்கிய ‘என்விடிஏ’ என்னும் திரைவாசிப்பான் இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. இதன் பெரும்பகுதி பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. மலேசியாவில் கணினி பயிலும் மாணவர்கள் பலருக்கும் தெரிந்த மொழி அது. ஆகவே, என்விடிஏவுக்கான குறுநிரலை ஐந்தாம் படிவ மாணவர் ஒருவரும் எழுதிப் பார்க்கலாம். ஒரு கோப்பு பதிவிறங்கும்போது என்விடிஏ பேசுவதில்லை. சிறு ஒலி ஒன்றை எழுப்புகிறது. வேலை முன்னேற முன்னேற அந்த ஒலியின் சுருதி ஏறிக்கொண்டே போகும். உச்சத்தை நெருங்கினால் முடியப்போகிறது என்று பொருள். சுழலும் வளையம் கண்ணுக்குச் சொல்வதைவிட இது காதுக்குக் கூடுதலாகவே சொல்கிறது.

என்விடிஏவுடன் வரும் ‘ஈஸ்பீக்’ குரல்களில் தமிழும் உண்டு. தமிழில் பேசும்போது குறுநிரல் எழுதுபவர் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தமிழ்த் தொடரில் பயனிலை கடைசியில் வரும். “உங்கள் விண்ணப்பம் உரிய துறைக்கு வெற்றிகரமாக அனுப்பப்பட்டது” என்னும் தொடரையும், “உங்கள் விண்ணப்பம் உரிய துறைக்கு இன்னும் அனுப்பப்படவில்லை” என்னும் தொடரையும் கேட்டுப் பாருங்கள். நான்கு சொற்கள்வரை இரண்டும் ஒன்றே. போயிற்றா, போகவில்லையா என்பது இறுதியில்தான் தெரிகிறது. அதற்குள் திரையில் வேறொரு மாற்றம் நேர்ந்து பேச்சை வெட்டிவிட்டால், மாணவியின் காதில் எஞ்சுவது “உங்கள் விண்ணப்பம் உரிய துறைக்கு…” மட்டுமே.

ஆங்கிலத்திலோ மலாயிலோ உள்ள அறிவிப்பை அப்படியே தமிழாக்கிவிட்டு வேலை முடிந்ததென்று நினைப்பவர்கள் இதைக் காண்பதில்லை. பேசப்போகும் அறிவிப்பைத் தமிழில் எழுதுபவர், முடிவை முன்னே கொண்டுவர வேண்டும். “அனுப்பியாயிற்று, உங்கள் விண்ணப்பம்.” “போகவில்லை, மீண்டும் அழுத்துக.” ஏட்டில் எழுதினால் சற்று விந்தையாகத் தோன்றலாம். வீட்டில் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து செய்தி சொல்லும்போது தமிழர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள். “வந்துட்டாங்க, மாமா!” என்பது அப்படிப்பட்ட ஒரு தொடர்தான்.

மலேசியாவில் 1951-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் உள்ளது. அந்த வட்டாரத்தின் நடைபாதைகளில் பதித்திருக்கும் மேடுபள்ளமான மஞ்சள் ஓடுகளைப் பலர் பார்த்திருப்பார்கள். நீள்கோடுகள் கொண்ட ஓடு, நடக்கலாம் என்று காலுக்குச் சொல்லும். புள்ளிகள் கொண்ட ஓடு, நில் என்று சொல்லும். 2008-ஆம் ஆண்டின் உடற்குறையுள்ளோர் சட்டம் சாலை, பேருந்து ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளாமல், தகவல் தொழில்நுட்பத்தை அணுகும் உரிமையையும் குறிப்பிடுகிறது. நடைபாதையில் நில், நட என்று சொல்ல ஓடுகள் இருப்பதுபோல் திரையிலும் இருந்தாக வேண்டும் என்பதே அதன் பொருள். பக்கத்தை உருவாக்குபவர் வைக்கத் தவறிய ஓட்டை, பின்னால் வரும் குறுநிரலாளர் ஊகித்து வைக்க வேண்டியிருக்கிறது.

அவர் சரியாக ஊகித்தாரா என்று சோதிக்கும் முறை எளிது. குறுநிரலை எழுதி முடித்தபின் கணினித் திரையை அணைத்துவிட வேண்டும். விசைப்பலகையும் காதும் மட்டுமே துணை. ‘அனுப்பு’ பொத்தானுக்குப் போய் அழுத்த வேண்டும். பிறகு இணைய வேகத்தை வேண்டுமென்றே குறைத்து இன்னொரு முறை. விவரம் ஏதும் கிடைக்காத நிலையில் இன்னொரு முறை. பேச்சின் நடுவே வேறொரு செய்தி வந்து குறுக்கிடும்படி செய்து மேலும் ஒரு முறை. அந்த நான்கு முறையிலும் கை தானாகவே பொத்தானை மறுபடி அழுத்தப் போகிறதா என்று கவனிக்க வேண்டும். போனால், குறுநிரல் பேச வேண்டிய ஓரிடத்தில் பேசாமல் இருந்துவிட்டது. திரையை ஏற்றிப் பார்க்காமலேயே அது எந்த இடம் என்று கண்டுபிடித்துத் திருத்த வேண்டும்.